நாங்கள் தூர்த்த அகழி

ஓசூர், 30-10-2006, திங்கள்

அவையீர்! ஆனைமுகத் தொண்டர் மன்றத்தின் அன்பர்களே! காட்டைக் கோயில் என்று மேடைதோறும் முழங்குகிற நாம், அந்தக் கோயிலின் வாசலில் குடியிருக்கும் உழவர்களின் விளைச்சலை நம் கையாலேயே அழித்துக்கொண்டிருக்கிறோம். அழித்துவிட்டு அதற்குத் திருப்பணி என்று பெயரும் சூட்டியிருக்கிறோம். இதற்கு விடை சொல்லப்போவது யார்?

நேற்றைய செயற்குழுவில் இதைப் பேசத்தான் எழுந்தேன். "அன்பர்களே" வரைக்கும் வந்தேன். தலைவர் பொன்னுசாமி கையைக் காட்டி அமர்த்திவிட்டார். தேநீர் வந்துவிட்டதாம். எனவே மிச்சத்தை இங்கே பேசுகிறேன். இந்த ஏட்டில் தேநீர் குறுக்கிடாது.

வழக்கு இதுதான். தேன்கனிக்கோட்டைக்கு அப்பால், நாகேதொட்டி என்னும் ஊரின் காட்டோரத்தில் ஒரு சிறு பிள்ளையார் கோயில். அங்கே மரக்கன்று நடத்தான் மன்றம் தொடங்கினோம். ஒரு சங்கடகர சதுர்த்தியன்று நாங்கள் வைத்துவிட்டு வந்த பலாப்பழத்தை ஒரு கொம்பன் யானை வந்து உண்டது. பிள்ளையாரே நேரில் வந்து உண்டார் என்று பொன்னுசாமி ஐயா உருகினார். உருகாத உள்ளம் எது? நானும் உருகினேன். அடுத்த சதுர்த்திக்கு ஒரு கூடை வைத்தோம். இப்போது ஓசூர்த் தொழிற்சாலைக் குடியிருப்புகளிலிருந்து வண்டி வண்டியாக மக்கள் வருகிறார்கள். கரும்பு, வெல்லம், வாழைத்தார். மரக்கன்றுகளைப் பற்றி இப்போது யாரும் வாய் திறப்பதில்லை.

அதோடு நின்றதா? காட்டுக்கும் ஊருக்கும் நடுவே யானை கடவாதிருக்க வனத்துறை வெட்டிய அகழி ஒன்று உண்டு. கோயில் அகழிக்கு அப்புறம், காட்டுப் பக்கத்தில். முதியோர் கடக்க வருந்துகிறார்கள், வருகிற பிள்ளையாருக்கும் வழி வேண்டும் என்று சொல்லி, சென்ற தையில் ஒரு ஞாயிறன்று உழவாரப்பணி அறிவித்தோம். கோயில் முற்றத்தில் புல் செதுக்கப் பிறந்த பணி அது. அந்த மண்வெட்டிகளைக் கொண்டு, ஒரு வண்டி போகும் அகலத்துக்கு, அகழியை மண்ணிட்டுத் தூர்த்தோம். அந்தப் பணியை வாழ்த்திப் பேசியதும் இந்த வாய்தான்.

இது கேழ்வரகு கதிர் முற்றும் காலம். தூர்த்த அந்த வழியாகத்தான் யானைகள் வருகின்றன. அகழியைத் திறக்க வேண்டும். வேறு பேச்சில்லை.

2-11-2006, வியாழன்

நாகேதொட்டி சென்று வந்தேன். தேன்கனிக்கோட்டையில் பேருந்து மாறி, இறங்கி, நடந்து.

சென்னம்மாள் வரப்பில் அமர்ந்திருந்தார். அவருக்கு இரண்டு துண்டு நிலம். காட்டை ஒட்டிய துண்டு நேற்று முன்தினம் போய்விட்டது. கதிர் உண்ணப்பட்டது பாதி, மிதிபட்டது பாதி. ஓடையை ஒட்டிய கீழ்த்துண்டு இன்னும் நிற்கிறது. இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் நின்றால்தான் அறுக்கலாம்.

"வாம்மா, வா. படையல் பாக்க வந்தியா? எம் பொலத்துலயே போட்டு வெச்சிருக்குது பாரு, பெருசா."

வருந்துகிறேன் என்றேன். ஏதோ சொல்ல வேண்டுமே.

"நீ வருத்தப்பட்டா ராகி எழுந்து நிக்குமா? அன்னிக்கி மண்ணு கொட்டும்போதே கேட்டேன், ஏங்கடா மூடுறீங்கன்னு. சாமி வர்ற வழின்னானுங்கோ. சாமி வந்துச்சு. புள்ளகுட்டியோட வந்துச்சு. எனக்கு ஒரு கவுளம்கூட வெக்கல."

பக்கத்தில் நின்ற அவர் மகன் மணிவேல் சிரித்தான். படையல் நாள்களில் கோயிலடியில் கரும்பும் கர்ப்பூரமும் விற்பவன் அவன்தான். இரவில் அதே யானையை விரட்டப் பரணில் காவல் இருப்பவனும் அவனே.

"நீ ஏன் சிரிக்கிற?" என்று அவனிடமும் எரிந்து விழுந்தார் அம்மாள். "பகல்ல கரும்பு குடுத்துக் கூப்புடுறது, ராத்திரி பட்டாசு போட்டுத் தொரத்துறது. அந்த ஆனைக்கே தல சுத்தும்டா."

என்னால் சிரிக்க முடியவில்லை. பேருந்தில் திரும்பும்போது சினம் யார் மீது என்று தேடிக்கொண்டே வந்தேன்.

3-11-2006

பொன்னுசாமி ஐயாவுக்கு இருமுறை தொலைபேசினேன். பூசையில் இருக்கிறாராம். இருமுறையும்.

6-11-2006, திங்கள்

வனத்துறை அலுவலகம். முறையீடு அளித்தேன். நானே அமர்ந்து எழுதிய முறையீடு, ஒரு சொல் கூட வீணில்லாதது. அதிகாரி படித்தார். நல்ல தமிழ் என்றார். பிறகு மேலே நிமிர்ந்து, "அம்மா, வெட்டினது நாங்க. மூடினது நீங்க. மூடும்போது மாலை போட்டு போட்டோ எல்லாம் எடுத்துக்கிட்டீங்க. இப்ப மறுபடி வெட்டச் சொன்னா, அடுத்த நிதியாண்டுலதான் கேட்டுப் பாக்க முடியும்" என்றார்.

அடுத்த நிதியாண்டு வரைக்கும் கதிர் காத்திருக்குமா?

நாங்களே வெட்டிக்கொள்ளலாமா என்றேன். "மூடுறதுக்கு எங்களக் கேட்டீங்களா?" என்றார். வாயடைத்து வந்தேன். வாயே வாழ்வாகக் கொண்டவள் நான். ஒரே கிழமைக்குள் சென்னம்மாளும் இவரும் என் வாயை அடைத்திருக்கிறார்கள், இருவர் சொன்னதும் சரி.

8-11-2006, புதன் — சதுர்த்தி

எழுதக் கை கூசுகிறது. ஆயினும் எழுதுகிறேன்.

படையலுக்கு முன் என் சொற்பொழிவு வழக்கம். இன்று அதையே கருவியாக்க முடிவு செய்தேன். பேசினேன். அருளுக்கும் அறிவுக்கும் பகையில்லை என்று தொடங்கினேன். கானகத்து உயிரைக் கையேந்த வைப்பது வழிபாடு ஆகுமோ என வினவினேன். ஊட்டுவது அன்பு, ஊட்டிக் கெடுப்பது அன்பாகாது என்றேன். உழவன் கண்ணீரில் நனைந்த கரும்பு இனிக்குமோ என்று குரலை உயர்த்தி, ஒரு கணம் நிறுத்தி, தாழ்த்தி முடித்தேன். என் வாழ்நாளில் இதைவிடச் சிறப்பாகப் பேசியதில்லை.

கைதட்டல் அடங்க நெடுநேரமாயிற்று. ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதன்பின் எல்லாரும் கூடைகளை எடுத்துக்கொண்டு, தூர்த்த அகழியின் மீது வரிசையாக நடந்து போய், படைத்துவிட்டு வந்தார்கள்!

"அருமையான பேச்சுங்க புலவரம்மா, மெய் சிலிர்த்துப்போச்சு" என்று பொன்னுசாமி ஐயா என் கையிலும் ஒரு வாழைத்தாரைக் கொடுத்தார். "வாங்க, நாமளும் வெச்சுட்டு வந்துருவோம்."

என்னத்தப் பேசி என்ன? யாருக்குத்தான் கேக்குது? கேட்டுச்சே, கேட்டுட்டுத்தானே தட்டுனாங்க — அதுதான் வயிறு எரியுது.

மன்றச் செயலாளர் நாராயணப்பனிடம் குமுறினேன். அவர் நாகேதொட்டியின் பெரிய உழவர். வீட்டில் தெலுங்கு. மரம் நடுவதற்காகவே மன்றத்தில் சேர்ந்தவர்.

"நீங்க பேசுறது நல்லாத்தான் இருக்குதும்மா. ஆனா எங்க ஊர்ல பாதிப் பேருக்கு அது புரியாது, ஓசூர்க்காரங்களுக்குப் புரியும், ஆனா அவங்களுக்கு இங்க பொலம் இல்ல. எங்க வீட்ல கேட்டுது, ஆயம்மா ஏமி செப்துந்தி, அந்தம்மா என்ன சொல்லுதுன்னு. சாமியப் பத்திப் பாடுதுன்னு சொன்னேன். கன்னத்துல போட்டுக்கிச்சு."

9-11-2006

வாழைத்தாரை நான் வைக்கவில்லை. வீட்டுக்கும் கொண்டுவரவில்லை. பேருந்து நிறுத்தத்தில் விட்டுவிட்டு வந்தேன். இதுவா என் புரட்சி?

19-11-2006, ஞாயிறு

மணிவேலுக்குக் கால் முறிந்தது.

நேற்றிரவு கீழ்த்துண்டுக்குக் காவலாகப் பரணில் இருந்திருக்கிறான். பட்டாசுக்கு யானைகள் அஞ்சவில்லை. மனிதர் வைத்த கரும்பை உண்டு பழகியவை மனிதக் குரலுக்கு ஏன் அஞ்ச வேண்டும்? ஒன்று பரணின் காலைத் தும்பிக்கையால் வளைத்து இழுத்ததாம். விழுந்தவன் புதருக்குள் உருண்டு தப்பினான். ஊரார் கூடிக் கூச்சலிட்டதும் அவை விலகின. நிலத்தில் ஓர் ஓரம் மட்டும் மிதிபட்டிருக்கிறது.

மருத்துவமனையில் பார்த்தேன். மாவுக்கட்டோடு கிடந்தவன், "கரும்பு விக்கிறவன்னு அதுக்கு என்னைய அடையாளம் தெரிஞ்சிருக்கும்போல புலவரம்மா. இன்னிக்கிக் கட சாத்திருக்குன்னு சொல்றதுக்குள்ள கீழ தள்ளிருச்சு" என்றான்.

சென்னம்மாள் என்னைப் பார்க்கவே இல்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அமர்ந்திருந்தார். அவர் வைதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

21-11-2006, செவ்வாய்

இதைவிடப் பெரிய செய்தி. நாராயணப்பன் கம்பிச் சுருள் வாங்கி வைத்திருக்கிறார்.

வேலிக் கம்பி அன்று. கிணற்று மோட்டார் இணைப்பிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்து, தூர்த்த இடத்தின் குறுக்கே கட்டும் கம்பி. பட்டால் யானை அந்த இடத்திலேயே மடியும். மனிதன் பட்டாலும்.

"நாராயணப்பன்! நீங்கள் நம் செயலாளர்!"

"செயலாளர்தாம்மா. அதுக்குன்னு பக்கத்துப் பொலத்துப் பையன் சாவுறதப் பாத்துக்கினு இருக்க முடியுமா? ஊர்ல எல்லாரும் என்னத்தான் கேக்குறாங்க. உங்க சங்கம்தானே மூடுச்சு, நீயும் அதுல இருக்கியேன்னு. நான் என்ன சொல்லட்டும்?"

"உயிர்க்கொலை—"

"தெரியும்மா. எனக்கும் சாமி உண்டு." அவர் குரல் தடுமாறியது. "அடுத்த சதுர்த்தி வரைக்கும் பொறுக்குறேன். அன்னிக்கிப் பள்ளம் தெறந்தா கம்பி தேவையில்ல. தெறக்கலன்னா மறுநாள் கட்டிருவேன். நீங்க போலீஸுக்குச் சொன்னாலும் சரி."

ஆக, திசம்பர் எட்டு. அகழி திறக்காவிட்டால், ஆனைமுகத் தொண்டர் மன்றத்தின் செயலாளர் கையாலேயே ஓர் ஆனை சாகும். இதைப் பெருங்குரலில் எவரிடம் போய்ச் சொல்வேன்? எவர் தட்டுவார்கள் கை?

26-11-2006, ஞாயிறு

செயற்குழு. இம்முறை தேநீருக்கு முன்பே பேசிவிட்டேன். மணிவேலின் கால், நாராயணப்பனின் கம்பி, அனைத்தும். நாராயணப்பன் தலை குனிந்து, "ஆமா, வாங்கி வெச்சிருக்கேன்" என்றார்.

பொன்னுசாமி ஐயா எழுந்தார். ஆலையில் ஷிப்டு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் உயர்த்தாதவர். அதுதான் அவரோடு வாதாடுவதில் இடர்.

"புலவரம்மா, நீங்க படிச்சவங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எங்க வீட்டம்மாவ ஆபரேசனுக்கு உள்ள கொண்டுபோன அன்னிக்கித்தான் பெரியவரு முதமுதலா வந்து பழத்த எடுத்தாரு. அது பொய்யா?"

"பொய் என்று சொல்லவில்லை, ஐயா."

"வர்றவருக்குச் சோறு போடணுமா, மூஞ்சில அடிச்சாப்புல கதவச் சாத்தணுமா?"

"அந்தக் கதவு நம் வீட்டுக் கதவு இல்லையே, ஐயா! அது சென்னம்மாள் வீட்டுக் கதவு. அதைத் திறந்துவிட்டு விருந்தோம்பல் என்று சொல்லிக்கொள்ள நாம் யார்?"

ஒரு கணம் அவர் முகம் மாறியது. அசைந்துவிட்டார் என்றே எண்ணினேன். பிறகு சொன்னார், "அந்தப் பையன் செலவு பூரா மன்றம் பாத்துக்கும். பள்ளத்த மட்டும் தொட வேணாம். உழவாரச் சாமான் இருக்குற கொட்டகச் சாவி எங்கிட்டதான் இருக்குது. நான் குடுக்கமாட்டேன்."

வாக்கெடுப்பு. படையல் தொடரும். அகழி அப்படியே இருக்கும்.

என் பக்கம் நாராயணப்பன் மட்டும். கம்பி வாங்கியவர் மட்டும்!

3-12-2006

விலகல் மடல் எழுதினேன். கிழித்தேன். விலகினால் அகழி திறக்குமா? திறக்காது. எனக்குத்தான் மனம் ஆறும். அது போதாது.

8-12-2006, வெள்ளி — சதுர்த்தி

கையில் எரிச்சல். எழுத்து கோணலாக விழுகிறது. பொருட்படுத்தாமல் எழுதுகிறேன்.

பிற்பகலில் வண்டிகள் வரத் தொடங்கின. நான் மேடைக்குப் போகவில்லை. ஒலிவாங்கி வேண்டாம் என்றேன். தூர்த்த மண்ணின் நடுவில், கூடைகள் கடந்துபோக வேண்டிய வழியில், போய் நின்றேன். நாகேதொட்டியிலிருந்து ஐந்தாறு மண்வெட்டிகள் வந்து தரையில் கிடந்தன. நாராயணப்பன் கம்பிச் சுருளைத் தோளில் தொங்கவிட்டு ஒதுங்கி நின்றார். எதற்கும் ஆயத்தமாக வந்திருந்தார்.

மக்கள் கூடையோடு வரிசையில் வந்து, என்னைக் கண்டு நின்றார்கள். சொற்பொழிவு என்று எண்ணி முன்வரிசையினர் அமரவும் தொடங்கினார்கள்.

"உக்காராதீங்க" என்றேன். ஆம், அப்படித்தான் சொன்னேன். ஆயத்தம் செய்து வைத்திருந்த தொடக்கம் வரவில்லை. "இந்த மண்ணை நாமதான் கொட்டினோம். நானும் கூட நின்னேன். இது வழியா வந்த ஆனை ஒரு புள்ளை காலை முறிச்சிருச்சு. நாளைக்கு இங்க கரண்டுக் கம்பி கட்டப்போறாங்க. அடுத்த சதுர்த்திக்கு நீங்க வந்தா உங்க பிள்ளையாரு இதே எடத்துல செத்துக் கெடப்பாரு. கூடையைத் திருப்பி வண்டியில வைங்க. மண்வெட்டி இங்க இருக்கு. வந்து அள்ளுங்க. இப்பவே."

எவரும் கைதட்டவில்லை.

நான்காம் வரிசையில் யாரோ, "அப்ப படையல் இல்லீங்களா?" என்றார். படையலுக்குத் தவறாமல் வரும் வெள்ளையம்மா கரும்புக் கட்டைத் தலையிலிருந்து இறக்காமலே, "இத்தன தூரம் சொமந்து வந்துட்டேனே தாயி" என்றார். சிலர் வண்டிக்குத் திரும்பினார்கள். சிலர் என்னைச் சுற்றிக்கொண்டு போய்ப் படைக்க வழி பார்த்தார்கள். தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன். குனிந்து ஒரு மண்வெட்டியை எடுத்து வெட்டினேன். அது மண்ணில் இறங்காமல் எகிறி வந்து என் கால்விரல் அருகே விழுந்தது.

"ஐயோ சாமி, இப்படியா புடிப்பாங்க! உன் வெரலுதான் போவும்." சென்னம்மாள். தம் மண்வெட்டியோடு வந்திருந்தார். "பேச்சு முடிஞ்சுதில்ல? தள்ளு. மொதல்ல பொடவைய இழுத்துச் சொருவு."

அவர் வெட்டத் தொடங்கினார். மூன்று வெட்டுக்குப் பிறகு நிமிர்ந்து, கூடையோடு நின்றவர்களைப் பார்த்துக் கேட்டார்: "இன்னாத்துக்கு நின்னு பாக்குறீங்க? மூடும்போது மட்டும் அத்தன பேரு ஓடியாந்தீங்களே."

ஆலைச் சீருடையோடு வந்திருந்த ஓர் இளைஞர் முதலில் இறங்கினார். அவர் பின்னால் நண்பர்கள். வெள்ளையம்மா கரும்புக் கட்டை ஓரமாகச் சாய்த்துவிட்டு, படையல் கூடையைக் கவிழ்த்துக் கொட்டி, அதிலேயே மண்ணை அள்ளினார். அதைக் கண்டுதான் பெண்கள் இறங்கினார்கள். மண்வெட்டி போதவில்லை. கூடை இருந்தது. வேண்டிய மட்டும் கூடை இருந்தது.

நாராயணப்பன் வந்து கம்பிச் சுருளைப் பிரித்தார். அதன் ஒரு முனையைப் பழைய அகழியின் இந்தக் கரையிலும் மறுமுனையை அந்தக் கரையிலும் முளையடித்துக் கட்டி, "இந்த அளவுக்கு நேரா வெட்டுங்கப்பா, கோணாம" என்றார்.

பொன்னுசாமி ஐயா கோயில் வாசலில் கண்மூடி அமர்ந்திருந்தார். எழவில்லை. தடுக்கவும் இல்லை. இருட்டுவதற்கு முன் வண்டிகள் கிளம்பின. அகழி இடுப்பளவுதான் இறங்கியிருக்கிறது.

10-12-2006, ஞாயிறு

மீண்டும் சென்றோம். அன்று வந்தவர்களில் பாதிப் பேர்தான். ஆயினும் ஆள் மறையும் ஆழம் கண்டாயிற்று. தலைவர் வரவில்லை. கொட்டகைச் சாவியும் வரவில்லை. மன்றத்தின் மண்வெட்டிகள் பூட்டிய கொட்டகையில் துருவேறிக் கிடக்க, ஊராரின் மண்வெட்டியால் மன்றத்தின் தவற்றைத் தோண்டினோம்.

கோயிலுக்குப் போக ஒரு பலகை. ஒருவர் பின் ஒருவராக மனிதர் மட்டும் கடக்கலாம். போகும்போது இட வேண்டும், வரும்போது எடுத்துவிட வேண்டும். பலகையைத் தம் வீட்டில் வைத்துக்கொள்வதாகச் சென்னம்மாள் சொன்னார். "சாமி கும்புடணும்னா எங்கிட்ட வந்து கேட்டு வாங்கிக்கினு போங்க."

18-12-2006, திங்கள்

சென்னம்மாள் கீழ்த்துண்டை அறுக்கிறார். கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு வரப்பில் அமர்ந்து, மணிவேல் தாய்க்கு வேலை சொல்லி வசவு வாங்குகிறான்.

மாலையில் பொன்னுசாமி ஐயா தொலைபேசினார். செயற்குழுவுக்குப் பின் அவர் என்னோடு பேசுவது இதுவே முதல்முறை.

"பெரியவரு வந்தாருங்களா?"

வந்தது என்றேன். முந்தாநாள். அகழியின் அக்கரை முழுதும் தடம். தூர்த்த இடத்துக்கு நேரே நெடுநேரம் நின்றிருக்கிறது. மண் அப்படி மிதிபட்டுக் கிடந்தது.

"பட்டினியாவா போனாரு?"

எப்படி விடை சொல்வது? இல்லை, ஐயா. அகழியை ஒட்டியே கிழக்கே நடந்து, மழையில் கரை சரிந்து கிடக்கும் இடத்தில் இறங்கி, பக்கத்து ஊரில் தக்காளித் தோட்டத்தை உழக்கிவிட்டுக் காடு திரும்பியிருக்கிறது. அந்த ஊரிலும் கம்பியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். இதைச் சொன்னேன். காட்டுக்குள் நாம் நட்ட கன்றுகளுக்கு இந்த ஆண்டு எவரும் நீர் விடவில்லை என்பதையும் சொன்னேன். அவை மரமாகியிருந்தால் யானைக்கு அங்கேயே உணவுண்டு என்று அவர்தாம் முதல் கூட்டத்தில் பேசினார். அதையும் நினைவூட்டினேன்.

"அந்தச் சரிஞ்ச எடம் எம்மாம் பெருசுங்க?" என்றார் மெல்ல. பிறகு, நான் விடை சொல்வதற்குள், தொடர்பைத் துண்டித்துவிட்டார்.

பெரிது, ஐயா. ஊராரின் மண்வெட்டிகளால் ஆகாது. நாளைக் காலை முதல் பேருந்துக்கு ஓசூர் நிலையத்தில் நிற்பேன். வந்து சேருங்கள். வெறுங்கையோடு வராதீர்கள், கொட்டகைச் சாவியை எடுத்து வாருங்கள்.